முன்கதவில் ஒட்டிய நோட்டீஸ்

உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒரு முறை கருவூலத்தில் போய்க் காட்ட வேண்டியிருக்கிறது. காட்டிவிட்டு அப்படியே கோர்ட்டுக்கும் ஒரு எட்டுப் போய்வருவேன். அரசாங்கத்துக்கு மட்டும் தெரிந்தால் போதுமா, பழைய ஆபீசுக்கும் தெரிய வேண்டாமா என்கிற வீம்புதான்.

இந்த முறை போனபோது என் நாற்காலியில் கவிதா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள்தான் அமீனா. கோர்ட்டு அனுப்பும் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், கோர்ட்டு உத்தரவுப்படி வீட்டைத் திறந்து ஒப்படைப்பதும் அமீனாவின் வேலை. நான் அந்த வேலையில்தான் தலை நரைத்தேன். கவிதா எனக்கு டீ வரவழைத்துவிட்டுத் தன் போனைக் காட்டினாள். ஏதோ ஒரு வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும் படம்.

"பாருங்க சார். ஒட்டினதும் போட்டோ எடுத்து ஏத்திட்டா எந்த எடம், எத்தனை மணின்னு அதுவே பதிஞ்சுக்குது. இனிமே எவனும் ‘அமீனா வரவே இல்ல, டீக்கடையில ஒக்காந்து எழுதிட்டாரு’ன்னு சொல்ல முடியாது."

"நல்லாத்தான் இருக்குதும்மா. இந்த வீட்டுக்கு எத்தனை கதவு?"

"கதவா?"

"பின்னாடி சுத்திப் போயி பாத்தியா?"

"எதுக்கு சார் பின்னாடி போவணும்?"

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு பளிச்சென்று விழுந்திருந்தது, என் காலத்தில் இப்படியொரு சாட்சி கிடையாது. ஆனால் முன்பு நான் செய்த ஒரு தவறை இந்தப் போன் இருந்திருந்தாலும் செய்திருப்பேன் என்று தோன்றியது. கவிதாவிடம் அதைச் சொல்ல ஆரம்பித்து, டீ ஆறி, அவள் வேலை கெட்டு, கடைசியில் "சார், இத எழுதிக் குடுத்துடுங்களேன், புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றாள். எழுதுகிறேன். இதில் அவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கே இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரன். நெல்லும் மல்லாட்டையும் விளைகிற நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டதால் நான் படித்தேன், பரீட்சை எழுதினேன், கோர்ட்டு வேலை கிடைத்தது. சைக்கிளில் ஊர் ஊராகச் சம்மன் கொண்டுபோன முதல் சில வருடங்களில் கற்றது மூன்றுதான். கதவைத் தட்டு, பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடு, நாய் வந்தால் ஓடாதே. மூன்றாவதை என்னால் கடைசிவரை கடைப்பிடிக்க முடியவில்லை.

அமீனாவான பிறகுதான் பூட்டிய வீடுகள் என் வாழ்க்கைக்குள் வந்தன. வழக்கில் தோற்றவர்கள் சில நேரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவார்கள். அப்போது பூட்டை உடைக்க ஜட்ஜ் தனியாக ஓர் உத்தரவு போடுவார். நான், ஒரு போலீஸ் ஏட்டு, பூட்டு ரிப்பேர் செய்கிறவர், இரண்டு சாட்சிகள், எல்லோரும் போவோம். உடைத்து உள்ளே போனதும் முதல் வேலை ஜாபிதா போடுவது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளையும் எண் போட்டுப் பட்டியலாக எழுத வேண்டும்.

ஜாபிதா எழுதுவது லேசான காரியம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் நாசர் ரவூப் சாரிடம் வேலை பார்த்திருக்க வேண்டும். நாசர் என்பது எங்களுக்கு மேலே இருக்கிற அதிகாரியின் பதவிப் பெயர். மெலிந்த மனிதர், சட்டைக் காலரில் எப்போதும் கைக்குட்டை மடித்து வைத்திருப்பார். ஜாபிதாவை அவர் கையால் வாங்கிப் படிக்கமாட்டார். நம்மைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஏதாவது ஒரு வரியில் கண் திறந்ததென்றால் அன்றைக்கு நமக்குச் சனி.

"தங்க மோதிரம் ஒன்று" என்று ஒரு முறை படித்துவிட்டேன்.

"தங்கம்னு ஒனக்கு யார் சொன்னது? ஒரசிப் பாத்தியா?"

"மஞ்சளா இருந்துச்சு சார்."

"அப்ப மஞ்சள் நிற உலோக மோதிரம்னு எழுது. கண்ணு பாத்தத எழுது, மனசு நெனச்சத எழுதாத. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

பாராட்டு என்று அவர் வாயிலிருந்து நான் ஒரு சொல்லும் கேட்டதில்லை. ஜாபிதா சரியாக இருந்தால் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் ஆட்டுவார். அந்தக் கையாட்டலுக்காக நான் ஒரு ஸ்பூனை மூன்று தரம் எண்ணியிருக்கிறேன். வீட்டிலும் இந்த வியாதி தொற்றிக்கொண்டது. ஊருக்குக் கிளம்பும்போது என் மனைவி, "பூட்றதுக்கு முன்னாடி லிஸ்ட் எழுதிட்டு வந்துடுங்க, பஸ்ஸு நிக்கும்" என்பாள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பூட்டிய வீடுகள் பிடிக்கும். பூட்டு விழுந்து கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு காற்று வரும், பழைய துணியும் சுண்ணாம்பும் கலந்த வாசனையோடு. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நான் இழுத்து விடுவேன். அடுத்தவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்த இடத்தில் இவனுக்கு என்ன ரசனை என்று நீங்கள் கேட்கலாம். கொடிக்கயிற்றில் ஒரே வரிசையாக மாட்டியிருக்கும் கிளிப்புகள், காய்ந்து வெடித்த சோப்பில் ஒட்டியிருக்கும் ஒரு நீள முடி, சுவிட்சைச் சுற்றிச் சுவரில் படிந்த விரல் அழுக்கு. அந்த அழுக்கை எத்தனை வருடம், எத்தனை பேர் சேர்த்திருப்பார்கள்! அதற்கெல்லாம் ஜாபிதாவில் எண் கிடையாது. நான் பார்த்துக்கொண்டே நிற்பேன், ஏட்டு கனைப்பார், பிறகு எழுத ஆரம்பிப்பேன்.

செங்கம் ரோட்டிலிருந்து மலைப் பக்கம் உள்ளே போகிற சந்து ஒன்றில் இருந்த வீடுதான் நான் சொல்ல வந்த வீடு. நீளமான ஓட்டு வீடு. ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கம், மாதத்துக்கொரு முறை ஆட்கள் மாறுகிற தங்கும் விடுதி. ஆசிரமத்துக்கு வருகிறவர்களால் அந்தப் பகுதியில் ஒவ்வொரு அறைக்கும் மவுசு கூடிவிட்டிருந்த நேரம். வீட்டுக்காரர் அதை இடித்து மாடி கட்ட நினைத்தார். வாடகைக்கு இருந்த சரோஜா என்கிற அம்மாள் மேல் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்.

சம்மனோடு நான் போனேன். முன்கதவில் பெரிய பூட்டு, துருவேறி நிறமே மாறியிருந்தது. தட்டினேன், "சரோஜா, சரோஜா, சரோஜா" என்று மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு நாள் போனேன், அதே பூட்டு. பக்கத்து விடுதியில் விசாரித்தால் ஒரு வெள்ளைக்காரர் கும்பிட்டுச் சிரித்தார். கூட வந்திருந்த வீட்டுக்காரர், "வீடு பூட்டியேதான் கெடக்குது சார், ரொம்ப வருஷமா" என்றார். ரிஜிஸ்டர் தபாலும் ‘கதவு பூட்டியுள்ளது’ என்று எழுதித் திரும்பிவிட்டது. கோர்ட்டு, கதவில் ஒட்டச் சொல்லி உத்தரவு போட்டது. பசை தடவி ஒட்டினேன். வீட்டுக்காரர் கூட்டிவந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ‘வசிப்பிடத்தின் வெளிக்கதவில் ஒட்டிச் சார்வு செய்தேன்’ என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

பின்பக்கம் நான் போய்ப் பார்க்கவில்லை. காலி மனை முழுக்க முள்ளும் சாக்கடைத் தண்ணீருமாகக் கிடந்தது. அன்றைக்குப் புதுச் செருப்பு வேறு. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நோட்டீஸ் ஒட்டிய கை, கதவென்றால் முன்கதவு என்று அதுவே முடிவு செய்துவிட்டது.

சரோஜா கோர்ட்டுக்கு வரவில்லை. வராதவர் மேல் ஒருதலையாகத் தீர்ப்பு வந்தது. சில மாதங்கள் கழித்து, பூட்டை உடைத்து வீட்டை ஒப்படைக்கும் வாரண்ட் என் கைக்கு வந்தது.

ஒரு காலை வேளையில் போய்ப் பூட்டை உடைத்தோம். பூட்டு, சுத்தியலின் மூன்றாவது அடியிலேயே விட்டுக்கொடுத்துவிட்டது. கதவு நகர மறுத்தது, ஏட்டும் நானும் தோள் கொடுத்துத் தள்ளினோம்.

உள்ளே பார்த்ததும் என்னையறியாமல் "அடடா" என்றேன்.

அது ஒரு சைக்கிள் கடை. வாடகைக்கு விடுகிற நான்கு சைக்கிள்கள் சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. நடுவில் ஒரு சைக்கிள் தலைகீழாக, சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரத்தின் டயரை நெம்பி, ட்யூபைப் பாதி வெளியே இழுத்துப் போட்டிருந்தது. பக்கத்தில் பஞ்சர் பார்க்கிற பாத்திரம். தண்ணீர் வற்றி உள்பக்கம் வெள்ளையாக ஒரு வளையம் மட்டும் மிச்சம். ஒரு முக்காலி, அதன் மேல் கடைசிவரை பிதுக்கிய சொல்யூஷன் ட்யூப், வாயோரம் கல்லாகியிருந்தது. முக்காலியைப் பார்த்தால் இப்போதுதான் ஒருவன் எழுந்து போன மாதிரி லேசாகத் திரும்பியிருந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரே அளவாகத் தூசி. ஓட்டில் கண்ணாடி பதித்த இடத்திலிருந்து வெயில் நேராக அந்தச் சக்கரத்தில் விழுந்தது. ஸ்போக்ஸ் கம்பிகளில் சிலந்தி வலை கட்டியிருந்தது, ஒரு கம்பி விடாமல்.

பின்சுவர் முழுக்க மரத்தட்டு. அதில் பைகள், சுருட்டிய பாய்கள், ஒரு புல்லாங்குழல், குடைகள், செருப்புகள், துணியில் கட்டிய புத்தகங்கள். வந்து தங்கிவிட்டுத் தங்கள் நாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவை. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு. தமிழில் உருண்டையான எழுத்து. ஒரு வெளிநாட்டுப் பெயர், கீழே ‘தீபத்துக்கு வருவார்.’ இன்னொன்றில் ‘ஜனவரி வருவாங்க.’ ஒன்றில் பெயரே இல்லாமல் ‘நீலச் சட்டை, மழைக்கு அப்புறம்.’

நான் எழுத உட்கார்ந்தேன். சுமார் ஒன்றரை மணி நேரம் எழுதினேன். அரை மணியில் முடிகிற வேலை. ஏட்டு, "சார், கோயிலுக்கு வந்த மாதிரி ஒக்காந்துட்டீங்க" என்று கிண்டல் செய்தார். எனக்கு எழுந்திருக்க மனமில்லை. வருகிறேன் என்று சொன்னவர்கள் யாருமே வரவில்லை, அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியவனும் எங்கோ போய்விட்டான், பொருட்கள் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. இவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

எண் எழுபத்தொன்று எழுதியதும் உள்ளே போகிற கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் உள்பக்கம் யார் தாழ்ப்பாள் போட்டது? யோசிப்பதற்குள் ஏட்டு ஓங்கித் தள்ளினார், தாழ்ப்பாளின் ஆணி கழன்று கதவு திறந்தது.

பெருக்கித் துடைத்த தரை. கொடியில் இன்னும் ஈரம் காயாத புடவை. அடுப்பில், தணல் மேல், தட்டுப் போட்டு மூடிய சோற்றுப் பானை. நான் தட்டை எடுத்துப் பார்த்தேன். ஆவி கையில் பட்டது.

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"என்னாங்க இது? ஆளில்லன்னு சொன்னீங்களே?"

"நான் எங்க சார் ஆளில்லன்னு சொன்னேன்? பூட்டிக் கெடக்குதுன்னுதான சொன்னேன். பூட்டிதான இருந்துச்சு?"

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், மீதி என் புதுச் செருப்பு மேல்.

அப்போது கொல்லைப்பக்கம் படல் திறக்கிற சத்தம் கேட்டது. பின்கதவு வழியாக அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தார். கையில் கீரைக்கட்டு. அந்தப் பகுதி விடுதி ஒன்றில் சமையல் செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. காலையில் சீக்கிரம் போய் உச்சிவேளைக்குத்தான் திரும்புவாராம். நான் தட்டிய நாட்களில் எல்லாம் அவர் விடுதி அடுப்படியில் நின்றிருந்திருக்கிறார்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. முன்னறைக் கதவு திறந்திருப்பதையும் அதன் வழியாகச் சமையல்கட்டுத் தரையில் வெளிச்சம் விழுந்திருப்பதையும்தான் பார்த்தார். கீரைக்கட்டு கீழே விழுந்தது.

"முரளி! வந்துட்டியாப்பா?"

அவர் ஓடிவந்து முன்னறை வாசற்படியில் நின்றார். ஏட்டு, பூட்டு ரிப்பேர்க்காரர், வீட்டுக்காரர், நான் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்த ஜாபிதாவிலும் எழுத முடியாது.

"யாருங்க நீங்கள்லாம்? எம்புள்ள எங்க?"

"அம்மா, நாங்க கோர்ட்லேருந்து வந்திருக்கோம்" என்றேன்.

"கோர்ட்டுல இருக்கறானா?"

அவரை உட்கார வைத்து, ஏட்டு தண்ணீர் மொண்டு கொடுத்து, வழக்கு, தீர்ப்பு, வாரண்ட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் சொன்னதைத்தான் நாங்கள் கேட்க வேண்டியிருந்தது.

"பன்னெண்டு வருஷம் ஆச்சுங்க. பஞ்சர் போட்டுட்டு இருந்தான். சொல்யூஷன் தீந்துபோச்சு, தேரடித் தெரு வரைக்கும் போயி வாங்கிட்டு வந்துடறேன்னான். கடையில எல்லாம் ஊரார் சாமான், எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான், நான் வந்து தொறந்துக்கறேன், நீ தொறக்காதன்னு பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போனான். நான் இந்தப் பக்கம் தாப்பா போட்டேன். போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். கிரிவலப் பாதையில காவி கட்டிட்டு இருந்தான்னு ஒருத்தர் சொன்னாங்க, போயி ஒவ்வொரு மொகமா பாத்தேன். அவன் இல்ல. சரி, அவனே வந்து தொறக்கட்டும்னு இருக்கறேன். நான் பின்னாடியே போயிட்டுப் பின்னாடியே வந்துடுவேன்."

பிறகு என்னிடம், "உள்ள என்னென்ன தொட்டீங்க?" என்று கேட்டார்.

"எதையும் எடுக்கலம்மா. எழுதினேன், அவ்வளவுதான்."

"படிங்க."

படித்தேன். வாசற்படியைத் தாண்டாமல், அறைக்குள் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பஞ்சர் பார்க்கும் பாத்திரம் ஒன்று" என்றபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"எப்பிடி இருக்குது அது?"

"அலுமினியம்மா. ஒரு பக்கம் காது ஒடஞ்சிருக்குது."

"அது என் குண்டாங்க. கல்யாணத்துக்கு எங்க அம்மா குடுத்தது. எங்க போச்சு எங்க போச்சுன்னு தேடிட்டு இருந்தேன். கேட்டா நான் எடுக்கலன்னுட்டான்!" சிரித்துவிட்டார். சிரித்ததோடு அழுகையும் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் என் காதருகே வந்தார். "வாரண்ட் இருக்குது இல்ல சார். பாவம் பாத்தா ஆவுமா? சாமான எடுத்து வெளிய வெச்சிட்டு வீட்ட குடுங்க. பின்கதவு கதையெல்லாம் ஒங்களுக்கே ஆபத்து, யோசிச்சுக்கங்க."

அவர் சொன்னது சரி. வாரண்ட் செல்லும். அன்றைக்கு நான் அந்த அம்மாளை வெளியே அனுப்பியிருந்தால் ஒரு கேள்வி வந்திருக்காது. வாரண்டை நிறைவேற்றாமல் திருப்பி அனுப்பினால், நோட்டீஸை ஆள் புழங்காத கதவில் ஒட்டியவன் நான் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடைய தைரியமோ எனக்கு வந்தது. நல்லவன் என்பதால் இல்லை, பானையிலிருந்து பட்ட ஆவி இன்னும் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. வாரண்டை மடித்துப் பையில் வைத்தேன்.

ஆபீசில் ரவூப் சார் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பின்கதவ நீ எப்ப பாத்த?"

"இன்னிக்குத்தான் சார்."

"அப்ப, முன்னாடி ஒட்டினப்ப பின்னாடி போயி பாக்கல."

"பாக்கல சார்."

"அதையே எழுது. ஏன் பாக்கலன்னு கதை எழுதாத. பாக்கலன்னு மட்டும் எழுது."

எழுதிப் படித்துக் காட்டினேன். அவர் கை ஆடும் என்று எதிர்பார்த்தேன். ஆடவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மெமோ வரும், வாங்கிக்க" என்றார். அதில் கோபம் இருந்ததா, வேறு எதுவும் இருந்ததா என்று எனக்குப் புரியவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மெமோ வந்தது. ஒரு வருட இன்கிரிமெண்ட் நின்றது. ஏட்டு ஏற்பாடு செய்த வக்கீல் மூலம் சரோஜா மனுப் போட்டார். என் அறிக்கையை வைத்தே அந்தத் தீர்ப்பு ரத்தானது. வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும், அதுவரை வீடு அவர் கையில்தான். அன்று மாலை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், "ஒரு வீட்டக் காப்பாத்திட்டேன்டி" என்று பீற்றிக்கொண்டேன். "மொதல்ல ஒடச்சதும் நீங்கதான?" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. சரோஜா தானாகவே வீட்டை விட்டுவிடுவதாக வக்கீல் மூலம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் பதிவு செய்ய என்னையே அனுப்பினார்கள்.

போனால் முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. பின்கதவு சாத்தியிருந்தது. சரோஜா இல்லை. உடுத்தும் துணியைத் தவிர எதையும் எடுத்துப் போகவில்லை. அலமாரியில் மசாலா டப்பாக்கள், கொடியில் ஒரு துண்டு, ஆணியில் சல்லடை. பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. முன்னறையில் சைக்கிள் அதேபோல் தலைகீழாக, பைகள் அதேபோல் தட்டில். திறந்த கதவு வழியாக வந்த ஆடு ஒன்று சுருட்டிய பாயை மென்றுகொண்டிருந்தது. இப்போதுதான் அது நிஜமாகவே கைவிட்ட வீடு. நான் எத்தனையோ முறை ரசித்து நின்ற மாதிரி ஒரு வீடு. ஆனால் என்னால் ஒரு நிமிடம் அங்கே நிற்க முடியவில்லை. ஆட்டை விரட்டிவிட்டு வேகவேகமாக எழுதினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பூன்களை எண்ணாமல் ‘சில’ என்று எழுதினேன்.

சாமான்களை யாரும் கேட்டு வரவில்லை. வீட்டுக்காரர் காயலான் கடைக்குப் போட்டார். இப்போது அங்கே மூன்று மாடி நிற்கிறது, வாசலில் காபிக்கடை. அந்தப் பக்கம் போனால் நான் ரோட்டுக்கு மறுபுறம் நடக்கிறேன்.

என்னை அரித்தது ஒன்றே ஒன்று. வீடு அந்த அம்மாள் கைக்கு வந்துவிட்டது. பிறகு ஏன் போனார்? நான் கதவைத் திறந்ததாலா? அப்படியானால் நான் செய்தது என்ன? முதலில் செய்த தவறா, பிறகு செய்த நல்லதா, எது அவரை வெளியே அனுப்பியது?

ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தங்கை வீட்டோடு வந்துவிட்டாராம். கொஞ்சம் சதை பிடித்திருந்தார். அவரே அடையாளம் கண்டு, "அமீனா சார் தான?" என்றார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"வீடுதான் ஒங்களுக்கே வந்துடுச்சேம்மா. ஏன் விட்டுட்டு வந்துட்டீங்க? நான் கதவத் தொறந்ததாலயா?"

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்கள்லாம் போனப்பறம் அந்தக் கதவ மூடிப் பாத்தேன் சார். மூடிக்கிச்சு. ஆனா முன்ன மாதிரி இல்ல. உள்ள வெறும் சாமான்தான்னு தெரிஞ்சுபோச்சு."

"என் மேல கோவமாம்மா?"

"தெரியல சார். மொதல்ல சாபம் விட்டேன். அப்பறம் சாமிகிட்ட போயி அத வாபஸ் வாங்கினேன்." லேசாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த வீட்ல பன்னெண்டு வருஷமும் நான் சரியா தூங்கினதே இல்ல சார். எலி ஓடினாக்கூட பூட்டு சத்தமோன்னு எழுந்து ஒக்காருவேன். இங்க வந்ததுலேருந்து படுத்தா எழுந்திரிக்கறதில்ல. விடிஞ்சது தெரியாம தூங்கறேன். தங்கச்சி வந்து எழுப்பறா." என் முகத்தைப் பார்த்தார். "புள்ளையத் தொலைச்சவ இப்பிடித் தூங்கலாமா சார்?"

அவருடைய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சத்தம் போட்டார். அவர் எழுந்திருக்கவில்லை, நான் சொல்லப் போவதற்காகக் காத்திருந்தார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ உத்தரவுகளை நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் யாரோ எழுதிக் கையெழுத்துப் போட்டவை.

"தூங்குங்கம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினார். அதைச் சொல்ல நான் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.